இலத்தீன் ஆசிரியரும் தமிழாசிரியரும்

(பரமத்தி வேலூரில் தமிழாசிரியர்களும் தமிழன்பர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

     

'தமிழாசிரியர் கூட்டத்தில் இலத்தீனைப் பற்றிப் பேசப் போகிறீர்களாமே, ஐயா! தமிழில் பேசுவதற்கு ஒன்றுமா அகப்படவில்லை?' என்று நண்பர் ஒருவர் சற்றுமுன் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். இலத்தீன் இன்று எந்தக் குழந்தைக்கும் தாய்மொழியன்று. எந்தத் தாயும் அம்மொழியில் தாலாட்டுவதில்லை. எந்தச் சந்தையிலும் அம்மொழியில் விலை பேசுவதில்லை. ஆயினும் அம்மொழியைக் கற்பிக்கும் ஆசிரியன் கையில் இருக்கும் கருவிகளையும், ஏறத்தாழ எட்டுக் கோடி மக்கள் வாயில் வாழும் தமிழைக் கற்பிக்கும் ஆசிரியன் கையில் இருக்கும் கருவிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நமக்கு நாணம் வரும். அந்த நாணம் நமக்கு வரவேண்டும் என்பதற்காகவே இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

மேலும், இலத்தீன் இந்த மண்ணுக்கு முற்றிலும் அயலானதும் அன்று. இங்கிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்தால் வேலாயுதம்பாளையம். அங்கே ஆறுநாட்டார் மலை நிற்கிறது. புகழிமலை என்றும் அதனைச் சொல்வார்கள். முருகன் கோயிலுக்காக அம்மலையில் ஏறியவர்கள் இக்கூட்டத்தில் பலர் இருப்பீர்கள். கோயிலுக்குச் சென்றவருள் எத்தனை பேர் அம்மலைக் குகையில் வெட்டப்பட்டிருக்கும் தமிழி எழுத்துகளைக் கண்டிருக்கிறீர்கள் என்று கேட்டால், கை தூக்குவோர் தொகை மிகக் குறைவாகவே இருக்கும். மூன்று தலைமுறைச் சேரர்களின் பெயர்கள் அங்கே கல்லில் நிற்கின்றன. கோ ஆதன் செல்லிரும்பொறை. அவன் மகன் பெருங்கடுங்கோன். அவன் மகன் இளங்கடுங்கோ. இளங்கடுங்கோ இளவரசன் ஆனபோது, யாற்றூர்ச் செங்காயபன் என்னும் மூத்த சமணத் துறவி தங்குவதற்காகக் கல்லறுத்துக் கொடுத்த செய்தி அது. பதிற்றுப்பத்தில் 7, 8, 9ஆம் பத்துகளின் தலைவர்களான செல்வக்கடுங்கோ வாழியாதன், பெருஞ்சேரல் இரும்பொறை, இளஞ்சேரல் இரும்பொறை ஆகியோரே இம்மூவர் என்று ஆய்வாளர் பலர் கொள்கின்றனர். இக்கல்வெட்டு கி.பி. 2ஆம் நூற்றாண்டினது என்பது ஐராவதம் மகாதேவன் கருத்து. இன்னும் முற்பட்டது என்பாரும் உளர். அது நிற்க.

அம்மலைக்குத் தெற்கே கருவூர். அமராவதி ஆற்று மணலிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் உரோமக் காசுகள் கிடைத்திருக்கின்றன. அவற்றுள் வெள்ளிக் காசுகள் சில, கி.பி. 14 முதல் 37 வரை ஆண்ட திபேரியசு மன்னனுடையவை. அக்காசில் இருக்கும் எழுத்து இலத்தீன். 'திபேரியசு சீசர், தெய்வநிலை எய்திய அகுசுதசின் மகன்' என்பது அதன் பொருள். காசில் இடம் போதாமையால் 'மகன்' என்னும் சொல்லுக்கு ஒற்றை எழுத்தைப் பொறித்துவிட்டார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இலத்தீன் ஆசிரியன் தன் மாணவர்க்கு இக்காசைக் கையில் கொடுத்து, 'இன்னான் மகன் இன்னான்' என்னும் உறவை அம்மொழி எவ்வாறு ஈற்றெழுத்தை மாற்றி உணர்த்துகிறது என்று விளக்குகிறான். வேற்றுமைப் பாடம் அக்காசிலேயே அவனுக்குக் கிடைத்துவிடுகிறது.

நம் மலைக்கல்வெட்டும் அதே உறவைத்தான் சொல்கிறது. 'செல்லிரும்பொறை மகன்', 'பெருங்கடுங்கோன் மகன்' என்று இருமுறை சொல்கிறது. உருபு இல்லை, ஈறு திரியவில்லை, ஆறாம் வேற்றுமை தொக்கு நிற்கிறது. ஆறாம் வேற்றுமைத் தொகைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எங்கே கிடைக்கும்? ஆனால் நம் பிள்ளைகள் அத்தொகையை எவ்வாறு கற்கிறார்கள்? வினா-விடைக் கையேட்டில் ஐந்து சொற்களை நெட்டுருச் செய்து கற்கிறார்கள். ஆற்றுக்கு அக்கரையில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பாடம் வெயிலில் காய்கிறது. இக்கரையில் பிள்ளை கையேட்டைப் புரட்டுகிறது.

கருவூரில் கிடைத்த இன்னொரு காசைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாக்கோதை என்னும் சேரன் வெளியிட்ட வெள்ளிக்காசு அது. மன்னனின் தலையுருவத்தைப் பக்கவாட்டில் பொறிக்கும் முறை உரோமரைப் பார்த்துக் கொண்டது. ஆனால் தலையைச் சுற்றி நிற்கும் எழுத்து தமிழ். 'மாக்கோதை' என்று தமிழி எழுத்தில் தன் பெயரைப் பொறித்தான். கொல்லிப்பொறை, கொல்லிரும்பொறை என்னும் பெயர்கள் பொறித்த சேரர் காசுகளும் உண்டு. கொல்லி உங்கள் மாவட்டத்து மலை. காசடிக்கும் கலையை அயலானிடம் கற்றவன், அயலான் எழுத்தைக் கொள்ளவில்லை. நம் இயக்கம் 'பிறமொழி வேண்டா' என்று சொல்வதாகத் திரித்துப் பேசுகிறவர்களுக்கு இந்த ஒரு காசைக் காட்டினால் போதும்.

உரோம நாட்டுப் பிளினி என்னும் அறிஞன் தன் இலத்தீன் நூலில், இந்தியா ஆண்டுதோறும் 5 கோடிச் செசுடர்சுக் காசுகளைத் தம் நாட்டிலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது என்று வருந்தி எழுதினான். அவன் கி.பி. 79இல் வெசூவியசு எரிமலை வெடிப்பில் இறந்தவன். அவன் நூலில் முசிறி இருக்கிறது, பாண்டியன் இருக்கிறான், மதுரை இருக்கிறது. இங்கே அகநானூற்றில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் பாடிய 149ஆம் பாட்டு, யவனர் கலங்கள் பொன்னொடு வந்து கறியொடு திரும்புவதைச் சொல்கிறது. ஒரே வாணிகம், கொடுத்தவன் கணக்கு இலத்தீனில், கொண்டவன் கணக்குத் தமிழில். இவ்விரண்டையும் ஒரே வகுப்பில் வைத்துக் கற்பித்துப் பாருங்கள். வரலாற்று ஆசிரியரும் வந்து பின் வரிசையில் அமர்ந்து கேட்பார்.

இனி, இலத்தீன் அறிந்தோர் தமிழுக்குச் செய்த தொண்டு. சீகன்பால்கு எழுதிய தமிழிலக்கணம் 1716இல் செருமானிய நாட்டு ஆல்லே நகரில் அச்சாயிற்று. அது இலத்தீனில் எழுதப்பட்டது. வீரமாமுனிவர் கொடுந்தமிழுக்கும் செந்தமிழுக்கும் தனித்தனியே இலக்கணம் எழுதினார். அவையும் இலத்தீனில் எழுதப்பட்டவையே. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் அவர் 1730இல் இலத்தீனில் பெயர்த்தார். இன்பத்துப்பாலை விட்டுவிட்டார், துறவிக்கு அது ஆகாது என்று எண்ணினார் போலும்! கிரவுல் என்னும் செருமானியர் செய்த இலத்தீன் பெயர்ப்பு 1865இல் வெளிவந்தது. அக்காலத்தில் ஐரோப்பாவில் கற்றவர் அனைவர்க்கும் பொதுமொழி இலத்தீன். ஆகவே வள்ளுவர் ஐரோப்பாவுக்குள் நுழைந்த வாயில் அது.

ஆனால் இவ்வளவும் நடந்த பின்னரும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நிலைமை என்ன? இலத்தீனும் கிரேக்கமும் சமற்கிருதமும் உயர்மொழிகள். தமிழோ நாட்டு வழக்குமொழி. தமிழ் மண்ணில், தமிழ் மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகத்தில் இப்படி ஓர் அடுக்கு. அதனை எதிர்த்தவர்களுள் முதல் வரிசையில் நின்றவர் பரிதிமாற் கலைஞர். 1870இல் பிறந்து 1903இல், 33ஆம் அகவையிலேயே மறைந்த அப்பெருமகன், சூரியநாராயண சாத்திரி என்னும் தம் பெயரையே தமிழாக்கிக் கொண்டவர். தமிழை 'உயர்தனிச் செம்மொழி' என்று நிறுவியவர். 1916இல் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கம் கண்டார். இந்தச் சேலத்து மண்ணிலேயே நகராட்சிக் கல்லூரியில் பணியாற்றிய மொழிஞாயிறு பாவாணர், 1966இல் தமிழே உலக முதற்செம்மொழி என ஆங்கிலத்தில் நூல் எழுதி வெளியிட்டார். அவரிடம் இங்குப் பயின்றவரே பாவலரேறு பெருஞ்சித்திரனார். ஆகவே செம்மொழிப் போராட்டத்தில் உங்கள் வட்டாரத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

2000ஆம் ஆண்டில், அமெரிக்கப் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியர் சியார்சு ஆர்ட்டு தமிழின் செம்மொழித் தகுதிக்குச் சான்று மடல் எழுதினார். இலத்தீனையும் கிரேக்கத்தையும் அவ்வம்மொழி நூல்கள் வழியாகவே படித்தவர் என்பதால்தான் அவர் சொல்லுக்கு அத்துணை எடை. 2004 அக்தோபர்த் திங்களில் நடுவணரசு தமிழைச் செம்மொழி என அறிவித்தது. 2005இல் சமற்கிருதம், 2008இல் தெலுங்கும் கன்னடமும், 2013இல் மலையாளம், 2014இல் ஒடியா, 2024இல் மராத்தி, பாலி, பிராகிருதம், அசாமியம், வங்காளம் என இன்று பட்டியலில் 11 மொழிகள். பந்தி பெரிதாகப் பெரிதாக முதலில் அமர்ந்தவனை யாரும் கேட்பதில்லை என்பது வேறு செய்தி.

அதனைவிட என்னை வருத்துவது ஒன்றுண்டு. பட்டம் வந்த அந்த ஆண்டில் பிறந்த பிள்ளை இன்று கல்லூரிப் பருவத்தைக் கடந்துவிட்டது. அந்தப் பிள்ளையிடம் புறநானூற்றில் தான் படித்திராத ஒரு பாட்டைக் கொடுத்து, 'அகரமுதலியை வைத்துக்கொண்டு நீயே பொருள் காண்' என்று சொன்னால் காணுமா? இலத்தீன் நான்காண்டு படித்த அயல்நாட்டுப் பிள்ளை, முன்பின் பாராத ஒரு பகுதியைத் தேர்வில் தானே பெயர்த்து எழுதுகிறது; அங்கே அதற்கென்றே தேர்வில் இடம் உண்டு. நம் பிள்ளை பன்னிரண்டு ஆண்டு படித்தும், நடத்திய பாட்டைத் தவிர வேறொன்றையும் தொடுவதில்லை.

இங்கேதான் நான் சொல்ல வந்த வரலாறு வருகிறது. இங்கிலாந்தில் ஆக்சுபோர்டு, கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகங்களில் சேர இலத்தீன் தேர்ச்சி கட்டாயமாக இருந்தது. அக்கட்டாயம் நின்றவரையில் பள்ளிகளில் இலத்தீன் ஆசிரியனுக்குக் கவலையில்லை. எவ்வளவு வறட்சியாகக் கற்பித்தாலும் பிள்ளைகள் வந்தே தீரவேண்டும். 1960ஆம் ஆண்டளவில் அவ்விரு பல்கலைக்கழகங்களும் அக்கட்டாயத்தை நீக்கின. ஒரே நாளில் அடிநிலம் சரிந்தது போலாயிற்று. இனி யார் இலத்தீன் படிப்பார்கள்? அவ்வாசிரியர்கள் கூடினார்கள். அரசைக் குறைகூறித் தீர்மானம் போட்டதோடு நிற்கவில்லை. 'நாம் கற்பிக்கும் முறையில் என்ன பிழை?' என்று தங்களையே கேட்டுக்கொண்டார்கள். கேம்பிரிட்சில் இதற்கென ஒரு குழு அமைந்தது. 1970இல் புதிய பாடநூல் வெளிவரத் தொடங்கியது.

அப்பாடநூலின் அமைப்பைக் கேளுங்கள். முதற்பக்கத்தில் ஈறுகளின் அட்டவணை இல்லை. பாம்பேய் நகரத்தில் செசீலியசு என்னும் பணவணிகன். அவன் மனைவி, மகன், சமையற்காரன், நாய். மிக எளிய சொற்றொடர்களில் அக்குடும்பத்தின் கதை நடக்கிறது. பிள்ளை கதையைத் தொடர்ந்து படிக்கிறது. இலக்கணம் கதைக்குள்ளிருந்து ஒவ்வொன்றாய் எழுகிறது. இறுதியில் எரிமலை வெடிக்கிறது. செசீலியசு கற்பனையும் அல்லன். அவன் வீடும் அவன் கணக்கெழுதிய மெழுகுப் பலகைகளும் பாம்பேய் அகழாய்வில் கிடைத்தவை. அந்நூல் அரை நூற்றாண்டுக்கு மேலாகத் திருத்திய பதிப்புகளாய் வந்துகொண்டிருக்கிறது.

நமக்கும் செசீலியசு இருக்கிறான். புகழூர் மலையிலேயே கருவூர்ப் பொன்வாணிகன் நத்தி என்பவன் தன் பெயரை வெட்டி வைத்திருக்கிறான். கருவூரில் அவன் கடை, அவன் மனைவி, மகள், யவனனோடு அவன் செய்யும் வாணிகம், காவிரியைப் பரிசலில் கடந்து துறவியைக் காண வரும் ஒரு நாள் என்று ஒரு கதைத்தொடர் எழுதுங்கள். முதற்பாடத்தில் இன்றைய எளிய தமிழ். பத்தாம் பாடத்தில் கழகக்காலச் சொற்கள் சில. முப்பதாம் பாடத்தில் பிள்ளை பதிற்றுப்பாட்டு ஒன்றைத் தானே படிக்கும். இதற்கு அரசாணை வேண்டுமா? பல்கலைக்கழகம் வேண்டுமா? இந்த மன்றத்தில் இருக்கும் ஆசிரியர் பத்துப் பேர் கோடை விடுமுறையில் உட்கார்ந்தால் முதற்பகுதி முடிந்துவிடும்.

தென்மார்க்கு நாட்டு ஓர்பெர்க்கு என்பவர் இன்னும் ஒருபடி மேலே சென்றார். முதற்சொல்லிலிருந்து இறுதிச்சொல் வரை இலத்தீன் மட்டுமே உள்ள பாடநூலை எழுதினார். படம், பக்கக் குறிப்பு, முன்பின் தொடர்பு ஆகியவற்றாலேயே பொருள் விளங்கும். வேற்றுமொழி விளக்கம் ஒன்றும் இல்லை. பேச ஆளில்லாத மொழிக்கே இம்முறை கைகூடியது. இங்கேயோ ஆங்கிலப் பள்ளிகளில் தமிழ்ப் பாடத்தின் ஓரத்தில் பிள்ளை ஆங்கிலத்தில் பொருள் எழுதி வைத்துக்கொள்கிறது! இதனைக் கண்டு சினந்தால் மட்டும் போதுமா? அக்குழந்தைக்குத் தமிழிலேயே தமிழை விளக்கும் பாடநூலை நாம் கொடுத்தோமா?

அரசுத் துணையை நம்புவோர்க்கு அண்மைச் செய்தி ஒன்று. இங்கிலாந்தில் 2021இல், அரசுப் பள்ளிகள் 40இல் இலத்தீன் கற்பிக்க 40 இலக்கம் பவுண்டு செலவில் ஒரு திட்டத்தை அறிவித்தனர். 2022இல் அது தொடங்கியது. ஆட்சி மாறியது. 2025 பிப்பிரவரியோடு, கல்வியாண்டின் நடுவிலேயே, அத்திட்டத்துக்குப் பணம் நின்றது. தேர்வை எதிர்நோக்கியிருந்த பிள்ளைகள் நடுவழியில் விடப்பட்டனர். கொடுத்த கை மூடிக்கொண்டது, அவ்வளவே. இதனை நான் மகிழ்ந்து சொல்லவில்லை. அரசு கொடுப்பதை வாங்கிக்கொள்வோம். உரிமையோடு கேட்டும் பெறுவோம். ஆனால் அரசு கொடுக்காவிட்டாலும் நில்லாமல் நடக்கக்கூடிய வேலை நம் கையில் இருக்க வேண்டும். நம் நாட்டிலும் 2006இல் தமிழ் கற்றல் சட்டம் வந்தது. நல்ல சட்டம். சட்டம் பிள்ளையைத் தமிழ் வகுப்பில் உட்கார வைக்கும். உட்கார்ந்த பிள்ளைக்கு என்ன கொடுப்பது என்பதைச் சட்டம் சொல்லாது.

கருவிகளைப் பற்றிச் சொன்னேன். இலத்தீன் ஆசிரியனுக்கு என்னென்ன இருக்கின்றன? சேம்சு உலோயெபு என்னும் செல்வர் 1911இல் தொடங்கிய நூல்வரிசையில் இன்று 500க்கும் மேற்பட்ட நூல்கள் உள்ளன. சட்டைப்பையில் அடங்கும் அளவு. இடப்பக்கம் மூலம், வலப்பக்கம் ஆங்கிலம். இலத்தீனுக்குச் சிவப்பு அட்டை, கிரேக்கத்துக்குப் பச்சை அட்டை. மியூனிக்கு நகரில் இலத்தீன் பேரகரமுதலி 1894இல் தொடங்கி இன்னும் நடக்கிறது. ஏறத்தாழ ஒரு கோடித் துண்டுச் சீட்டுகள். ஒவ்வொரு சொல்லும் எங்கெங்கே எப்பொருளில் வந்தது என்னும் வரலாறு. 2050ஆம் ஆண்டளவில் முடியும் என்கிறார்கள். தொடங்கியவர் எவரும் முடிவைக் காணப் போவதில்லை என்று தெரிந்தே தொடங்கினார்கள். 1987இல் தொடங்கிய பெர்சியசு என்னும் கணினி நூலகத்தில், ஒரு சொல்லைத் தொட்டால் அதன் பகுதி, ஈறு, பொருள் யாவும் வந்து நிற்கும். இன்னும் ஒன்று: மிகுதியாக வரும் ஆயிரம் சொற்களைக் கற்றால், எடுத்த இலத்தீன் நூலில் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது சொற்கள் தெரிந்துவிடும் என்று கணக்கிட்டு, அந்த ஆயிரத்தையும் பட்டியலிட்டு மாணவன் கையில் கொடுத்துவிட்டார்கள்.

நம்மிடம் ஒன்றும் இல்லை என்று ஒப்பாரி வைக்கவும் நான் வரவில்லை. இருப்பது நமக்கே தெரியவில்லை என்பதுதான் சிக்கல். 1950களின் இறுதியில் மர்ரே இராசம் கழக நூல்களைச் சொற்புணர்ச்சி பிரித்து, எளியோரும் படிக்கும்படி மலிந்த விலையில் அச்சிட்டார். நம் உலோயெபு அவரே. அப்பதிப்பைப் பார்த்திராத தமிழாசிரியர் தொகை எனக்கு அச்சம் தருகிறது. திருநெல்வேலித் தென்னிந்திய சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தின் உரைப்பதிப்புகள் உண்டு. புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனம் பழந்தமிழ் நூல்களுக்குச் சொல்லடைவு வெளியிட்டது. சென்னைப் பல்கலைக்கழக அகரமுதலி 1924 முதல் 1936 வரை ஆறு மடலங்களாய் வந்தது. அதில் தமிழ்ச்சொற்கள் பலவற்றை வடசொல் என்று காட்டிய குறையைப் பாவாணர் வாழ்நாளெல்லாம் எடுத்துக்காட்டினார்; எனினும் பயன்படுத்தத் தெரிந்தவனுக்கு அது இன்றும் பெருங்கருவூலம். அக்குறை நீக்கப் பாவாணரை இயக்குநராகக் கொண்டு 1974இல் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் பேரகரமுதலித் திட்டம் தொடங்கியது. முதன்மடலத்தின் முதற்பகுதி 1985இல் வந்தபோது அவர் இல்லை, 1981இலேயே மறைந்துவிட்டார். 2011இல் அப்பணி நிறைவெய்தியது. பள்ளி நூலகங்களில் அம்மடலங்கள் இருக்கின்றனவா என்று நாளைக்கே உங்கள் தலைமையாசிரியரைக் கேளுங்கள். இருந்தால், பூட்டிய நிலைப்பேழைக்குத் திறவுகோல் யாரிடம் இருக்கிறது என்றும் கேளுங்கள்.

கணினி வழியில் 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர் உழைப்பால் தமிழ் நூல்களை விலையின்றி உலகுக்கு வழங்குகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அரிய பழம்பதிப்புகள் படிப்படியாக உள்ளன. சென்னை உரோசா முத்தையா ஆராய்ச்சி நூலகம் 19ஆம் நூற்றாண்டு அச்சு நூல்களையும் இதழ்களையும் காத்து வைத்திருக்கிறது. முனைவர் ப. பாண்டியராசா தனியொருவராய்க் கழக நூல்கள் முழுமைக்கும் சொல் தொடரடைவை இணையத்தில் அமைத்திருக்கிறார். ஒரு சொல்லைத் தேடினால் அது வரும் அடிகள் எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். இத்தொடரடைவைக் கொண்டு, கழக நூல்களில் மிகுதியாக வரும் ஆயிரம் சொற்களை நாமே வடித்தெடுக்கலாம். சொல், பொருள், ஒரு மேற்கோள் என்று நாற்பது பக்கத்தில் ஒரு சுவடி. கைப்பேசியில் விளையாட்டுப் பார்க்கும் மாணவர்கள் நான்கு பேரை இவ்வேலையில் அமர்த்துங்கள். அவர்களுக்குக் கணினி கைவந்த கலை. நமக்குச் சொல் கைவந்த கலை.

இப்போது வகுப்பறைக்கு வருகிறேன். இந்த மாவட்டம் மதிப்பெண்ணுக்குப் பெயர்பெற்றது. அயல் மாவட்டத்துப் பெற்றோர் கடன்பட்டுப் பிள்ளைகளை இங்குக் கொண்டுவந்து விடுதியில் சேர்த்த காலம் ஒன்று இருந்தது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை ஈராண்டு உருப்போட வைத்த பள்ளிகள் தமிழ்நாடெங்கும் இருந்தன. அதனைத் தடுக்கவே 2017-18இல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வைக் கொணர்ந்தனர். அப்பள்ளிகளில் தமிழுக்கு வாய்த்த இடம் என்ன? கணக்குக்கும் வேதியியலுக்கும் வேளை போதாதபோது எடுத்துக்கொள்ளும் மணி தமிழ் மணி. பின்னர் 'நீட்' வந்தது. மருத்துவப் படிப்புக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே கணக்கில் இல்லை என்றானபின் தமிழ் மணி இன்னும் சுருங்கியது. பொதுத்தேர்வில் இரண்டு தாள்களாக இருந்த தமிழும் ஒரு தாளாயிற்று.

இதனைச் சொல்லி ஆட்சியாளரைச் சாடுவது எளிது, சாடத்தான் வேண்டும். ஆனால் நம் இயக்கத்தார் வீட்டுப் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கின்றனர் என்று ஒருமுறை கணக்கெடுத்துவிட்டுச் சாடுவோமே! மேடையில் 'தமிழ்வழிக் கல்வி' என்று முழங்கிவிட்டு, காலையில் பிள்ளையை ஆங்கிலப் பள்ளி வண்டியில் ஏற்றிவிடுகிற தோழர்கள் நம்மிடையே உளர். அவர்களை இழித்துப் பேச நான் விரும்பவில்லை. வேலை கிடைக்குமா என்னும் அச்சம் அவர்களை ஆட்டுகிறது. அவ்வச்சத்துக்கு விடை சொல்லாமல் வெறும் முழக்கம் மட்டும் கொடுத்தால் அவர்கள் நம்மிடம் கைதட்டிவிட்டு வேறிடத்தில் பணம் கட்டுவார்கள். அயல்நாட்டில் ஆர்வார்டு பல்கலைக்கழகத் தமிழிருக்கைக்கு நாம் மனமுவந்து பொருள் திரட்டினோம். தமிழக அரசும் 10 கோடி உருவா கொடுத்தது. மகிழ்ச்சியே. அதில் நூறில் ஒரு பங்கு, பத்து இலக்கம், இந்த ஒன்றியத்துத் தமிழ்வழிப் பள்ளிகளுக்குத் திரண்டால் எத்தனை நூல்கள் வாங்கலாம் என்று எண்ணிப் பார்த்தீர்களா?

செம்மொழி என்னும் பட்டத்தில் ஓர் இடரும் இருக்கிறது. இலத்தீனோடும் கிரேக்கத்தோடும் வரிசையில் நிறுத்திப் பெருமை பேசிப் பேசி, தமிழையும் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துவிடுவார்கள். பேழைக்குள் இருக்கும் இலத்தீனே சும்மா இருக்கவில்லை. பின்லாந்து நாட்டு வானொலி 1989 முதல் 2019 வரை முப்பது ஆண்டு, கிழமைக்கு ஒருமுறை இலத்தீனில் உலகச் செய்தி படித்தது. வத்திக்கானில் 1990களில் புதுச்சொல் அகரமுதலி வெளியிட்டு, இக்காலப் பொருள்களுக்கெல்லாம் இலத்தீன் வேரிலிருந்து சொல் ஆக்கினார்கள். அவர்களை எவரும் 'மொழிவெறியர்' என்று ஏசவில்லை. பேசுவதற்கு வீடில்லாத மொழிக்குச் சொல்லாக்கினால் புலமை; வீடும் வாசலும் தெருவும் சந்தையும் உள்ள தமிழுக்குச் சொல்லாக்கினால் வெறி! தமிழக அரசின் 'சொற்குவை'த் தளத்தில் கலைச்சொற்கள் தொகுக்கப்பட்டுள்ளன. அறிவியல் ஆசிரியரோடு உட்கார்ந்து, அவர் பாடத்துச் சொற்களை அங்கே தேடிக் கொடுங்கள். அவர் 'இது கடினம்' என்பார். 'இஞ்சிவேர்' என்னும் நம் சொல்லிலிருந்து வந்ததாக மொழிநூலார் காட்டும் 'சிங்கிபர்' என்னும் இலத்தீன் பெயரைச் செடிநூலில் அவர் தயங்காமல் சொல்லிக்கொடுக்கிறாரே, அது மட்டும் எளிதா என்று அன்போடு கேளுங்கள்.

இறுதியாக, செய்ய வேண்டியவை. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, வேலூர்ப் பேருந்து நிலையத்திலிருந்து ஆறுநாட்டார் மலைக்குப் புறப்படுகிறோம். ஒவ்வோர் ஆசிரியரும் மாணவர் ஐவரை அழைத்து வருக. பெண்பிள்ளைகளுக்குத் துணையாகத் தாயரும் வரலாம். குகைக்குள் எழுத்துத் தெளிவாகத் தெரிய, பக்கவாட்டில் ஒளி வீசக் கைவிளக்கு வேண்டும். சுண்ணக்கட்டியாலோ மாவாலோ எழுத்தை நிரப்புவது கூடவே கூடாது. கல்லைத் தொடாமல் படிக்க வேண்டும். தமிழி எழுத்துகளை இன்றைய எழுத்துகளோடு அட்டவணையிட்ட தாள் வாயிலில் மேசைமேல் இருக்கிறது. ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்க. மாணவர்கள் அதற்குள் தம் பெயரை அவ்வெழுத்தில் எழுதிப் பழகி வரட்டும். ஆயிரம் சொற்பட்டியலில் பதிற்றுப்பத்து 7ஆம் பத்தை எடுத்துக்கொள்ள இருவர் முன்வந்துள்ளனர். 8, 9ஆம் பத்துகளுக்கு ஆள் வேண்டும். விருப்பமுள்ள ஆசிரியர்கள் கூட்டம் முடிந்தவுடன் அவைத்தலைவரிடம் பெயர் கொடுங்கள்.